எறியக்கூடிய கலண்டர்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில, அஜக்ஸில எங்கட வீட்டுக் கட்டிலுக்குக் கீழ கையை விட்டால் முதல்ல தட்டுப்படுறது லட்சுமி. அதுக்குக் கீழ பிள்ளையார், பேந்து வள்ளி தெய்வானையோட முருகன், அதுக்கும் கீழ இன்னும் ரண்டு மூண்டு பிள்ளையார். எல்லாம் பழைய கலண்டர். தாள் முழுக்கக் கிழிச்சு முடிஞ்சுது, மேல இருக்கிற படத்தை என்ன செய்யிறது? பழைய பேப்பரோட சாமியையும் மறுசுழற்சி நீலப் பெட்டிக்குள்ள போட்டு வீதிக்கரையில வைக்க மனம் வருமோ? கோயில்ல கொண்டுபோய் வைப்பமெண்டால், பழைய கலண்டர் இஞ்ச வைக்கவேண்டாம் எண்டு அங்க சுவரில எழுதி ஒட்டியிருக்கினம். பேந்தென்ன, கட்டிலுக்குக் கீழதான். ரொறன்ரோவில எனக்குத் தெரிஞ்ச தமிழ் வீடு எல்லாத்திலயும் இதுதான் கதை, ஆரும் வெளியில சொல்லுறேல்லை. வீடு கூட்டேக்க எடுத்துத் தூசி தட்டிப்போட்டுத் திரும்ப வைப்பன்.

இந்தக் கலண்டரால நான் அவுஸ்ரேலியாவில போய் அவமானப்பட்ட கதையைத்தான் சொல்லப்போறன். அதுக்கு முதல் கமரா வந்த கதையைச் சொல்லவேணும்.

மருந்துக் குளிசையைப் பெட்டியில அடைக்கிற பக்டரியில நிண்டு நிண்டு கால் வீங்கி, போதுமடாப்பா எண்டு வேலையை விட்ட வருசம் பிள்ளையள் ரண்டு பேரும் சேர்ந்து எனக்கொரு கமரா வாங்கித் தந்ததுகள். பேரப்பிள்ளையளை எடுப்பன் எண்டு நினைச்சிருக்குங்கள். நான் வாத்தை எடுத்தன். அஜக்ஸில லேக் எங்கட வீட்டுக்குக் கிட்ட. விடிய எழும்பித் தேத்தண்ணிப் போத்தலும் கமராவுமாப் போனால் வாத்து, அன்னம், மாரிகாலமெண்டால் எங்கயோ வடக்கில இருந்து வந்து கல்லுக்கு மேல குந்தியிருக்கிற வெள்ளை ஆந்தை. கரை முழுக்க ஐஸ் உறைஞ்சு கிடக்கிறதையும் விடேல்லை. என்ர மனுசன், இவர், காருக்குள்ள ஹீற்றரைப் போட்டுப்போட்டுத் தமிழ் றேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். படம் எடுக்கிறது நான், கை விறைக்கிறது எனக்கு, வீட்ட வந்து களைச்சுப்போனன் எண்டு படுக்கிறது அவர்.

எல்லாத்திலயும் எனக்குப் பெரிய விசர், பறுவத்தண்டைக்கு, முழுநிலா நாளில, லேக்குக்குள்ள இருந்து நிலா வெளிக்கிடுறதை எடுக்கிறதுதான். அது நினைச்ச நாளில சரிவராது. பொழுது படுறதும் நிலா எழும்புறதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில நடக்கவேணும். அப்பதான் வானம் ஊதாவா இருக்க, நிலா செம்மஞ்சளா தண்ணிக்குள்ள இருந்து வரும். ஒருநாள் முந்திப்போனால் அது வெயில் இருக்கேக்கயே வந்து, வெளிறிப்போய் ஒரு பக்கத்தில நிக்கும். படத்தில ஆரோ துடைக்க மறந்த கறை மாதிரி இருக்கும். லேக்கரைக்குக் கமராவோட வாற மற்ற ஆக்கள் போனைத் தட்டித் தட்டி நேரம் பாப்பினம். என்ர மகளும் என்ர போனில ஒரு அப் போட்டுத் தந்தவள். நான் அதைத் திறந்தும் பாத்ததில்லை. எனக்குக் குசினிக் கலண்டர் இருக்கு. ஸ்காபரோக் கடை அண்ணை வருசம் முடிய மரக்கறிப் பையோட சேத்துத் தாற கலண்டர். ரொறன்ரோ நேரத்துக்குக் கணிச்சது எண்டு மேலயே பெருசா அடிச்சிருக்கும். அதில பறுவம் எண்டு போட்டிருந்தால் பறுவம்தான், எனக்கொருநாளும் பிழைச்சதில்லை. அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் இருந்ததுதான்.

இனி அம்மாவைப் பற்றி. அம்மாவின்ர படம் எங்களிட்ட ஒண்டுகூட இல்லை. ஊரில யுத்தத்துக்குள்ள வீடு வீடா மாறித் திரிஞ்ச காலத்தில அல்பம் இருந்த பெட்டி எங்கயோ விடுபட்டுப் போச்சு. அப்பாவின்ர படம் ஒண்டு பெரியப்பா வீட்டில இருந்து, அது கைமாறிக் கைமாறிக் கனடாவுக்கும் வந்து சேந்திட்டுது. அம்மா கமராவைக் கண்டால் குசினிக்குள்ள போற ஆள், அவவின்ர படம் ஆற்ற வீட்டிலயும் இல்லை. சித்திரைப் பறுவம் எண்டால் தாயை இழந்த ஆக்கள் விரதம் பிடிக்கிற நாள். மற்ற வீடுகள்ல தாயின்ர படத்துக்குப் பூ வைச்சு அதுக்கு முன்னால சோறு கறி படைப்பினம். நான் விளக்குக்கு முன்னால படைப்பன். சிட்னியில இருக்கிற அக்காவும் அப்பிடித்தான். விளக்கைப் பாத்து "அம்மா, சாப்பிடணை" எண்டு சொல்லேக்க எனக்கு வருசா வருசம் கோவம்தான் வரும். ஆரில கோவம் எண்டு கேட்டால் தெரியாது. மற்ற ஆக்களுக்கு அழுகை வாற இடத்தில எனக்குக் கோவம் வரும், பிறவியிலயே அப்பிடி.

ஒரு வருசம் படைச்சுப்போட்டுப் பின்னேரம் லேக்குக்குப் போய் நிண்டன். நிலா வந்தது. அம்மாவின்ர நாளில வாற இந்த நிலாவை ஒழுங்கா ஒரு படம் எடுத்துச் சாமியறையில வைச்சால் என்ன எண்டு அப்ப தோன்றினது. விளக்கைப் பாத்துக் கதைக்கிறதை விட அது நல்லமெல்லோ. அண்டைக்கே அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னன். உடன அக்கா, அப்பிடியெண்டால் வாற சித்திரைக்கு இஞ்ச வா, கடல்ல எடுப்பம், நாங்கள் ரண்டு பேரும் சேந்து இருந்து அம்மாவுக்கு ஒருக்காக்கூட விரதம் பிடிக்கேல்லையே எண்டு சொன்னா. உண்மைதான். அம்மா போகேக்க நான் கனடாவில, அக்கா அப்பவே அவுஸ்ரேலியாவில. அண்டைக்கிருந்து இந்தப் படம் எனக்கு வாத்து, ஆந்தைப் படம் மாதிரி இல்லை. அது எனக்கு வேணும்.

கடை அண்ணையிட்ட வாயை விட்டது நான்தான். கத்தரிக்காய் தெரிஞ்செடுத்துக்கொண்டு நிக்கேக்க, கட்டிலுக்குக் கீழ சாமியள் குவிஞ்சு கிடக்கிறதைச் சொல்லி, நீங்கள் ஏன் எறியக்கூடிய கலண்டர் ஒண்டு அடிக்கக்கூடாது எண்டு கேட்டன். சாமி இல்லாமல், கடலும் நிலாவும் இருக்கிற படம், வருசம் முடிய ஒரு பாவமும் இல்லாமல் நீலப் பெட்டிக்குள்ள போடலாம், படம் நான் தாறன் எண்டு சொன்னன். சாமி இல்லாத கலண்டரை எங்கட சனம் வீட்டில கொழுவாது எண்டார் அவர். கொழுவுதோ இல்லையோ எண்டு ஒருக்கா அடிச்சுப் பாத்தால்தானே தெரியும் எண்டு நான் விடேல்லை. பின்னால லைனில நிண்ட அன்ரி ஒராள் தன்ர வீட்டில அலுமாரி முழுக்க முருகன் எண்டு சொல்ல, அவருக்கு ஒரு மாதிரிப் போச்சு. படத்தைக் கொண்டு வாங்கோ பாப்பம் எண்டு சொல்லிப்போட்டு எனக்குக் கத்தரிக்காயை நிறுத்தார்.

இவருக்கு முழங்கால் சரியில்லை, அவ்வளவு நேரம் பிளேனில மடக்கி வைச்சிருக்கேலாது. நான் தனியத்தான் போனன். அக்காவுக்கு எண்டு பெட்டிக்குள்ள மிளகாய்த்தூளும் மேப்பிள் பாணியும் ஒரு கலண்டரும் வைச்சிருந்தன். அதைக் கண்ட உடன அக்கா சிரிச்சா, அவுஸ்ரேலியாவில கலண்டர் இல்லையெண்டு நினைச்சியோ எண்டு. தன்ர கோயில் கலண்டரை எடுத்துக் காட்டினா. அங்கதான் வினை துடங்கினது. என்ர கலண்டரில சித்திரைப் பறுவம் சனிக்கிழமை. அவவின்ரயில ஞாயிறு.

அக்கா தன்ர ஐயர் கணிச்சது பிழைக்காது எண்டா. நான் என்ர கலண்டரைப் பாத்து எத்தினை நிலாப் படம் எடுத்தனான் எண்டு போனைத் திறந்து ஒவ்வொண்டாக் காட்டினன். "நிலா ஒண்டுதானே? அது கனடாவுக்கு ஒருநாளும் உங்களுக்கு ஒருநாளுமோ நிறையும்?" எண்டு கேட்டன். அக்கா அத்தானைப் பாத்தா. அத்தான், அக்காவின்ர புருசன், வாழ்க்கையில ஒருநாளும் எங்கள் ரண்டு பேருக்கும் இடையில வாயைக் குடுக்காத மனுசன். அண்டைக்கும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேர பிடிச்சார். நான் வெண்டன். அப்பிடித்தான் நினைச்சன்.

சனி விடிய வெளிக்கிட்டம். சிட்னியில இருந்து தெற்கால கடற்கரையோட ஓடிப்போக வேணும். அத்தான் அங்க ஒரு கபின், சின்ன மரவீடு, வாடகைக்கு எடுத்திருந்தார், ஒரு இரவுக்கு மட்டும். ஏனெண்டால் ஞாயிற்றுக்கிழமை அக்காவின்ர கோயில்ல சித்திரைக் கஞ்சி, அந்த வருசம் கஞ்சி அக்காவின்ர உபயம். அரிசி, தேங்காய் எல்லாம் வாங்கிக் குடுத்து, பேரும் குடுத்து, நாள் பாத்துக்கொண்டிருந்தவா. ஞாயிறு விடியத் திரும்பிப் போனால் சரியெண்டு திட்டம். எனக்குத் திங்கட்கிழமை பிளேன்.

என்ர கணக்கில சனி விரதம். அக்காவின்ர கணக்கில இல்லை. கபின் விறாந்தையில நான் வெறும் தேத்தண்ணியோட இருக்க, அக்கா எனக்கு முன்னாலயே இருந்து பாணும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டா. மணம் மூக்கைத் துளைச்சுது. அந்த நேரம் பாத்து வெள்ளைக் கொக்கட்டூக் கிளி ஒண்டு, எங்கட பெரிய கோழியளவு இருக்கும், கைபிடியில வந்து குந்தி, அக்காவின்ர தட்டில இருந்த பாண் துண்டைத் தூக்கிக்கொண்டு போச்சு. எனக்கு அதில ஒரு திருப்தி. அதைப் போனில எடுத்திட்டன், அந்தப் படம் இப்பவும் முகப்பில இருக்கு. மத்தியானம் தனியச் சமைச்சு, தனியப் படைச்சு, தனியச் சாப்பிட்டன். அக்கா விளக்கை மட்டும் கொழுத்தித் தந்தா.

பின்னேரம் கடலுக்கு மேல ஒரு புல்லு மேடு, அங்க போனம். மேட்டில கங்காருக்கள் மேய்ஞ்சுகொண்டு நிண்டுதுகள், எங்களைத் திரும்பியும் பாக்கேல்லை. நான் கமராவை ஸ்ராண்டில பூட்டி, கடலும் வானமும் முட்டுற கோட்டுக்கு நேர பிடிச்சுக்கொண்டு நிண்டன். பொழுது படுறதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. காத்து எண்டால் காத்து. கண்ணை எடுக்காமல் அந்தக் கோட்டையே பாத்துக்கொண்டு நிக்கிறன், நிலாவைக் காணேல்லை. முகில் இருக்குமோ எண்டு பாத்தால் முகிலும் இல்லை.

பின்னால பாயில இருந்த அக்கா கூப்பிட்டா. நான் சும்மா இரு எண்டன். ரண்டாந்தரமும் கூப்பிட்டா.

"எடியே, கொஞ்சம் நிமிந்து பார்."

நிமிந்து பாத்தன். நிலா இடக்கைப் பக்கம் எப்பவோ வந்து, மேல ஏறி, வெளிறிப்போய் நிக்குது. வெயிலுக்குள்ள அதைக் கண்ணே பிடிக்கேல்லை. நான் கீழ கோட்டைப் பாத்துக்கொண்டிருக்க அது எனக்கு மேலால போயிட்டுது. லேக்கில ஒருநாள் முந்திப் போற விசரரைப் பாத்து நான் சிரிக்கிறனான். இப்ப நான்தான் அந்த விசரி.

எனக்கு வந்த கோவத்துக்குக் கமராவைக் கடலுக்குள்ள எறிஞ்சிருப்பன். அக்கா ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவவையும் எறிஞ்சிருப்பன். அவா பாயைச் சுருட்டினா. கபினுக்கு வந்து நான் போர்த்துக்கொண்டு படுத்திட்டன். நாளைக்கு விடியப் போகவேணும். அக்காவுக்குக் கஞ்சி, எனக்குப் பெட்டி அடுக்கிற வேலை. அவ்வளவு தூரம் வந்து அம்மாவுக்கு ஒரு படம் எடுக்கத் தெரியேல்லை. அண்டைக்கு மட்டும் கோவம் வரவேண்டிய இடத்தில எனக்கு அழுகை வந்தது.

விடிய இவருக்குப் போன் எடுத்தன். நித்திரைத் தூக்கத்தில கதைச்சார். என்ன இந்த நேரத்தில நித்திரை எண்டு கேட்டன். சாப்பிட்டிட்டுச் சரிஞ்சனான் எண்டு சொன்னார். பேந்து கொஞ்சம் கூச்சத்தோட, "இண்டைக்குப் பறுவமெல்லோ, நீரும் இல்லை, அதுதான் நானே உம்மட அம்மாவுக்குச் சமைச்சுப் படைச்சனான். பருப்புக்கு உப்புப் போட மறந்துபோனன்" எண்டார்.

எனக்கு முதல்ல விளங்கேல்லை. இண்டைக்கோ எண்டு கேட்டன். ஓம், கலண்டரில அப்பிடித்தான் கிடக்கு, சனிக்கிழமை எண்டார். எனக்கு முன்னால யன்னலுக்கு வெளியில ஞாயிற்றுக்கிழமைச் சூரியன் எழும்புது. அங்க அஜக்ஸில இன்னும் சனிக்கிழமை பின்னேரம். நிலா ஒண்டுதான், நான் சொன்னது சரிதான். நாள்தான் ரண்டு. கனடாவின்ர சனிக்கிழமை விடியிறதுக்கு முதலே நான் அவுஸ்ரேலியாச் சனிக்கிழமையில பட்டினி கிடந்து, படைச்சுச் சாப்பிட்டு, மேட்டில ஏறி நிண்டிருக்கிறன். கலண்டர் பிழைக்கேல்லை. கலண்டரைப் பெட்டிக்குள்ள வைச்சு உலகத்தின்ர மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோனவள்தான் பிழைச்சவள். பாவம் அந்த மனுசன், சமைக்கவே தெரியாத ஆள், ஒருநாளும் காணாத மாமிக்கு உப்பில்லாத பருப்புப் படைச்சிருக்கிறார். நான் கோவத்தை அவரில கொட்டவெண்டு எடுத்த போனை மெல்ல வைச்சிட்டன்.

குசினிக்குள்ள போய் அக்காவிட்ட, நீ சொன்னதுதான் சரி, இண்டைக்குத்தான் பறுவம் எண்டு சொன்னன். அது என்ர வாயில இருந்து வந்ததை நம்பாமல் அத்தான் பேப்பரைப் பதிச்சுப் பாத்தார். அக்கா சிரிக்கேல்லை. போனைத் தூக்கினா. கோயில்ல ஆரையோ கூப்பிட்டு, சாமான் எல்லாம் மடைப்பள்ளியில இருக்கு, நீங்களே நிண்டு காய்ச்சிப்போடுங்கோ, எனக்கு வரேலாது எண்டு சொன்னா. நான் பறிக்கப் போனன், வேண்டாம் அக்கா, உன்ர உபயம், எவ்வளவு நாளாப் பாத்துக்கொண்டிருந்தனி எண்டு. அவா போனை மற்றக் கைக்கு மாத்திக் கதைச்சு முடிச்சுப்போட்டு என்னைப் பாத்தா.

"கோயில்ல அடுத்த வருசமும் கஞ்சி காய்ச்சுவினம். நீ அடுத்த வருசம் வருவியோ?"

எங்களுக்கு வயது போகுது, பிளேன் ரிக்கற் விக்கிற விலைக்கு ஆரு வருசா வருசம் போறது. அத்தான் எழும்பிப்போய்க் கபினை இன்னும் ஒரு இரவுக்கு எடுத்தார். திங்கள் இருட்டோட வெளிக்கிட்டு நேர எயாப்போட்டுக்குப் போவம் எண்டார்.

ரண்டாம் நாளும் விரதம் பிடிச்சன். ஒரு அம்மாவுக்கு ரண்டு விரதம். இந்த முறை அக்காவும் பட்டினி, அதில எனக்கொரு சந்தோசம். பக்கத்துக் கடையில பச்சையரிசி கிடைக்கேல்லை, கிடைச்ச அரிசியையும் ரின் தேங்காய்ப்பாலையும் வைச்சு, கபினில இருந்த நெளிஞ்ச சட்டியில அக்கா சித்திரைக் கஞ்சி காய்ச்சினா. நான் நாலு மரக்கறி வெட்டினன். விளக்குக்கு முன்னால ரண்டு பேரும் நிண்டு, "அம்மா, சாப்பிடணை" எண்டு சொன்னம். அக்காவின்ர குரலும் என்ர குரலும் ஒண்டா வந்தது. எனக்கு அண்டைக்குக் கோவம் வரேல்லை.

பின்னேரம் திரும்ப அதே மேடு. காத்து விழுந்திருந்தது. பொழுது பின்னால பட்டு, கடலுக்கு மேல வானம் ஊதாவா மாறிக்கொண்டு வருது. நான் இப்ப கோட்டையும் பாத்தன், மேலயும் பாத்தன், எல்லாப் பக்கமும் பாத்தன். அக்கா பாயில இருக்காமல் எனக்குப் பக்கத்தில வந்து நிண்டா. கோட்டில ஒரு இடம் சிவந்துது, நெருப்புத் தணல் மாதிரி ஒரு கீற்று வந்தது. சரியான நாள், சரியான நேரம், சரியான வெளிச்சம்.

பாதி நிலா வெளியில வந்திருக்கேக்க, மேட்டு விளிம்பில மேய்ஞ்சுகொண்டு நிண்ட ஒரு கங்காரு, வேற இடமில்லாமல் என்ர படத்துக்கு நேர வந்து, ரண்டு கால்ல நிமிந்து நிண்டுது. எனக்கு வேண்டினது கடலும் நிலாவும் மட்டும். கையால துரத்தினன், அது அசையேல்லை. கத்தினால் எல்லாம் கலைஞ்சு ஓடும். பல்லைக் கடிச்சுக்கொண்டு ஸ்ராண்டை இழுக்கப் போனன். அக்கா என்ர கையைப் பிடிச்சா.

"விடு. அதுவும் பாக்கட்டும்."

அது உண்மையிலயே கடலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டுது, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு. நான் கமராப் பொத்தானை அமத்தினன். திரும்பத் திரும்ப அமத்தினன். நிலா முழுக்க வந்து தண்ணியை விட்டுக் கிளம்பினது. உள்ள இருக்கிற முயல் எங்கட ஊர்ல மாதிரி இல்லை, தலைகீழாக் கிடந்தது. கமராவை விட்டுப்போட்டுத் திரும்பிப் பாத்தன். அக்கா கையைக் கூப்பிக்கொண்டு நிண்டா, கண்ணால தண்ணி ஓடுது. எனக்கும் வந்தது. நான் துடைக்கேல்லை, காத்தில தானாக் காயட்டும் எண்டு விட்டன். அம்மாவை நான் அவ்வளவு தேடினது அம்மா செத்த அண்டைக்கும் இல்லை. ஆனால் அது துக்கம் மட்டும் எண்டும் சொல்லேலாது, வயிறு நிறையச் சாப்பிட்டது மாதிரியும் இருந்தது.

ரொறன்ரோவுக்கு வந்து, நித்திரை ஒழுங்காகி, படத்தைப் பெருசா அடிச்சுக் கடைக்குக் கொண்டுபோனன். கடை அண்ணை கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பாத்தார். நிலாவை ஒண்டும் சொல்லேல்லை. கங்காருவில விரலை வைச்சு, "தங்கச்சி, உது ஆற்ற வாகனம்?" எண்டு கேட்டார். பிள்ளையாருக்கு எலி, முருகனுக்கு மயில், சனம் கேக்கும், நான் என்ன சொல்லுறது எண்டு அவருக்குக் கவலை. கொம்பியூட்டரில உதை அழிச்சுப்போட்டு மூலையில ஒரு பிள்ளையாரை வைப்பம் எண்டார். நான் படத்தைச் சுருட்டத் துடங்கினன். கங்காரு இல்லாட்டில் படம் இல்லை, பிள்ளையார் வந்தால் பேந்தும் கட்டிலுக்குக் கீழதான் எண்டு சொன்னன். கடைசியில மேல சின்னனா ஒரு பிள்ளையார் சுழி மட்டும் போடுறது, பாதிக் கலண்டர் என்ர படம், பாதி வழமையான லட்சுமி எண்டு முடிவாச்சு.

மார்கழியில கலண்டர் வந்தது. கடையில ஒதுங்கி நிண்டு சனம் எதை எடுக்குது எண்டு பாத்தன், பாக்காமல் இருக்க ஏலேல்லை. கனபேர் ரண்டையும் கேட்டு வாங்கிச்சினம், லட்சுமி சாமியறைக்கு, இது குசினிக்கு எண்டு. ஒரு அங்கிள் இது எந்த இடம் எண்டு கேட்டார். அஜக்ஸோ எண்டும் கேட்டார், கங்காரு நிக்கேக்க. ஆனாலும் நிண்டு பாத்தாரெல்லோ. எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. அண்டைக்குத் தேவையில்லாமல் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தன்.

அக்கா தனக்கும் ஒண்டு அனுப்பு எண்டா. நான் பேசினன். ரொறன்ரோ நேரத்துக்குக் கணிச்சது, உனக்கு ஒருநாள் பிழைக்கும், இந்த விசயத்துக்குத்தானே நாங்கள் சண்டை பிடிச்சது எண்டு. அனுப்பெண்டால் அனுப்பன், உனக்கென்ன எண்டா. அனுப்பினன்.

அடுத்த சித்திரைப் பறுவத்துக்கு அக்கா வீடியோவில கூப்பிட்டா. அந்த முறை ரண்டு கலண்டரிலயும் ஒரே திகதிதான், ஆனால் அங்க நாள் விடிஞ்சிட்டுது, எங்களுக்கு நாளைக்கு. போனைத் திருப்பிச் சாமியறையைக் காட்டினா. வழமையா விளக்கு மட்டும் இருக்கிற இடத்தில, விளக்குக்குப் பின்னால, என்ர படம் சுவரில நிக்குது. கீழ திகதித் தாள் கட்டு இல்லை. அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டா. படத்துக்குச் செவ்வரத்தம் பூவில ஒரு மாலை. நிலாவின்ர நடுவில சந்தனம் வைச்சு, அதுக்கு மேல குங்குமம். முன்னால வாழையிலையில சோறும் கஞ்சியும்.

ரண்டு பேரும் கொஞ்சநேரம் அதைப் பாத்துக்கொண்டிருந்தம். அடுத்தநாள் நான் படைக்கேக்க, குசினியில இருந்த கலண்டரைக் கழட்டிச் சாமியறையில கொழுவி, விரலால சந்தனத்தைத் தொட்டு நிலாவில வைச்சன். நானும் திகதிக் கட்டைக் கழட்டப் பாத்தன், ஆனால் வருசம் முடிய இன்னும் கனநாள் கிடந்தது, லேக்குக்குப் போக நாள் பாக்கவேணும். அதை விட்டிட்டன்.

வருசம் முடிஞ்சுது. கடை அண்ணை இந்தமுறை லட்சுமியும் முருகனும்தான் அடிச்சார், எனக்கு அதில கோவமில்லை. இவர் புதுக் கலண்டரைக் கொழுவிப்போட்டு, பழசைக் கையில வைச்சுக்கொண்டு வந்தார். தாள் முழுக்கக் கிழிச்சு முடிஞ்சுது, படம் மட்டும் நிக்குது, நிலாவில சந்தனம் காஞ்சு வெடிச்சிருக்கு.

"இது எறியக்கூடிய கலண்டரெல்லோ? நீலப் பெட்டிக்குள்ள போடட்டோ?" எண்டு கேட்டார். கேக்கேக்கயே அவற்ற முகத்தில சிரிப்பு.

நான் படத்தை அவற்ற கையில இருந்து பறிச்சன். அவர் முழங்காலை மெல்ல மடக்கிக் கீழ குந்தி, கட்டிலுக்குக் கீழ இருந்த லட்சுமியை இழுத்து ஒரு பக்கம் ஒதுக்கி, இடம் விட்டார்.